குளிர்கால டி-ஷர்ட் தொழில்: அசல் வருவதே 63-வது சட்டையில்

கேள்வி இதுதான்: "எனக்கு டிசைன் செய்யத் தெரியும். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. குளிர்காலத்துக்கான டி-ஷர்ட்களை வடிவமைத்து ஆன்லைனில் விற்கலாம் என்று யோசிக்கிறேன். லாபம் கையில் நிற்குமா? எதிலிருந்து தொடங்குவது? ஹீட் பிரஸ் மெஷின் ஒன்றை இப்போதே வாங்கிவிடலாமா?"

லாபம் கையில் நிற்கும். படத்தைச் சூட்டோடு சட்டையில் அழுத்துகிற அந்த மெஷின் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பின்னலாடைத் தொழிலில் துணி வாங்குவதிலிருந்து பேக்கிங் வரை எல்லா மேஜையிலும் நின்றவன். அப்புறம் சொந்தமாகவும் சின்ன அளவில் தைத்து விற்றுப் பார்த்தவன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் டிசைனில்தான் தொடங்குகிறார்கள். டிசைன் மோசமாக இருந்து கடையை மூடியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. குளிர் போன பிறகும் அட்டைப்பெட்டியில் கிடக்கிற சட்டைகளால் மூடியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். எந்த நாணயத்துக்கும் பொருந்தட்டும் என்று விற்பனை விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். துணி, தையல், அச்சு, பேக்கிங் எல்லாம் சேர்ந்து அடக்கம் 50. விற்பனைத் தளத்தின் கமிஷன், கூரியர், விளம்பரம், திரும்பி வருகிறவற்றின் செலவு எல்லாம் சேர்ந்து 20. கையில் நிற்பது 30. நூறு சட்டை தைத்தால் 3,000 லாபம் என்று நோட்டில் எழுதிவிடுவோம். ஆனால் நூறு சட்டைக்கான 5,000 முதலிலேயே போய்விட்டது. விற்கிற ஒவ்வொரு சட்டையும் திருப்பித் தருவது 80. அப்படியானால் 62 சட்டை விற்ற பிறகும் 4,960-தான் வந்திருக்கும். 63-வது சட்டையில்தான் அசலே கைக்கு வருகிறது. அறுபதோடு விற்பனை நின்றுவிட்டால் 200 நஷ்டம். மீதி நாற்பதைப் பாதி விலைக்குத் தள்ளி, செலவு 15 போக ஒன்றுக்கு 35 என்று எடுத்தால் 1,400 வரும். மொத்த லாபம் 1,200. நோட்டில் எழுதிய 3,000 எங்கே, இது எங்கே!

கோடைக்கான சாதாரண டி-ஷர்ட்டில் மிச்சம் விழுந்தால் அடுத்த மாதம் விற்கலாம். குளிர்காலச் சட்டை மிஞ்சினால் எட்டு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். உங்கள் பணமும் அதே பெட்டிக்குள் காத்திருக்கும். ஆகவே இந்தத் தொழிலில் எடுக்கிற ஒவ்வொரு முடிவையும் ஒரே கேள்வியால் சோதித்துப் பார்க்கலாம்: குளிர் முடிகிற நாளில் என் கையில் என்ன மிஞ்சும்?

இந்தக் கேள்வியை மனதில் வைத்துச் சரக்கைப் பாருங்கள். நான்கு டிசைன், மூன்று நிறம், ஐந்து சைஸ் என்று தொடங்கினால் அறுபது வகை ஆகிவிடும். 120 சட்டை தைத்தால் வகைக்கு இரண்டுதான். ஓடுகிற டிசைனில் மீடியமும் லார்ஜும் முதல் வாரமே தீரும், ஓடாததில் ஸ்மால் அப்படியே நிற்கும். நான் சொல்லும் வழி வேறு. ஒரே துணி, இரண்டே நிறம், ஐந்து சைஸ். அச்சில்லாத வெறும் சட்டையாகத் தைத்து வையுங்கள். இப்போது பத்தே வகை, வகைக்கு சராசரியாகப் பன்னிரண்டு. ஆர்டர் வர வர டிசைனை அச்சடியுங்கள். டிசைன் ஆறு இருந்தாலும் சரக்கு அதிகமாகாது. குளிர் முடிந்ததும் மிஞ்சுவது வெறும் சட்டைதான். அடுத்த பருவத்தில் அதன்மேல் புது டிசைன் ஏறும். பழையதாவது படம்தான், துணிக்கு வயது தெரியாது. அதனாலேயே படத்தில் ஆண்டு எண் போடாதீர்கள், அந்த மாதம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிற வசனத்தையும் போடாதீர்கள்.

பிரிண்ட் ஆன் டிமாண்ட், அதாவது ஆர்டர் வந்த பிறகு வேறொரு நிறுவனமே அச்சடித்து அனுப்பும் முறை, சரக்குப் பயமே இல்லாத வழி. டிசைனைச் சோதிக்க நல்லது. ஆனால் பல இடங்களில் கிடைக்கிற துணி மெல்லியதாக இருக்கும், கழுத்தும் கையும் அவர்கள் வைத்ததுதான். லாப விகிதமும் குறைவு. எந்தப் படம் ஓடுகிறது என்று ஒரு பருவம் பார்த்துக்கொள்ள அதைப் பயன்படுத்துங்கள், அதுவே தொழில் என்று இருந்துவிட வேண்டாம்.

சரி, எந்தச் சட்டை? "குளிர்கால டி-ஷர்ட்" என்ற பெயரில் மூன்று வேறு பொருட்கள் விற்கின்றன. ஸ்வெட்டருக்கும் ஜாக்கெட்டுக்கும் அடியில் உடம்போடு ஒட்டிப் போடுவது ஒன்று. வீட்டுக்குள்ளும் தூங்கவும் போடுகிற மெத்தென்ற சட்டை இன்னொன்று. மிதமான குளிரில் மேலே வேறெதுவும் போடாமல் வெளியே போகிற கனமான முழுக்கைச் சட்டை மூன்றாவது. முதலாவதில் சிறு தொழில் நுழைவதை நான் விரும்பமாட்டேன். ஜப்பானின் யூனிக்ளோ 2003-ல் ஹீட்டெக் வரிசையை இறக்கியது; டோரே என்ற இழை நிறுவனத்தோடு சேர்ந்து நூலிலேயே வேலை செய்கிறவர்கள் அவர்கள். மெல்லிசாக இருந்து சூடு தர வேண்டும் என்ற போட்டியில் அந்த அளவு நிறுவனங்களோடு மோத நம்மால் ஆகாது. மெரினோ கம்பளியில் அந்த வகையைச் செய்யலாம்தான், ஆனால் நூல் விலை முதலீட்டைப் பல மடங்காக்கிவிடும். மூன்றாவது வகையில்தான் டிசைன் தெரிந்தவருக்கு இடம் இருக்கிறது. அங்கே வாங்குகிறவர் சட்டையின் தோற்றத்துக்கும் பணம் தருகிறார்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். சூடு தருவது துணிக்குள் அசையாமல் நிற்கிற காற்று. காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். வேர்வையில் நனைந்த சட்டை குளிரடிப்பது அதனால்தான். பருத்தி தன் எடையில் சுமார் 8.5% ஈரத்தைச் சாதாரணமாகவே வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4%-தான். கம்பளி தன் எடையில் 30% வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அதனால் மலையேறுகிறவருக்கோ ஓடுகிறவருக்கோ பருத்திச் சட்டையை விற்றுவிட்டு நல்ல பெயர் எதிர்பார்க்க முடியாது. உட்கார்ந்து வேலை செய்கிறவர், வண்டியில் போகிறவர், வீட்டில் இருக்கிறவர் இவர்களுக்குப் பருத்தியே சுகம்.

சாதாரண டி-ஷர்ட் துணி 140 முதல் 180 ஜிஎஸ்எம் இருக்கும். அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை அத்தனை கிராம். குளிருக்கு 220-க்குக் கீழே போனால் கையில் எடுத்ததுமே ஏமாற்றமாக இருக்கும். 220 முதல் 260 வரை கனமான சிங்கிள் ஜெர்சி (சாதாரண டி-ஷர்ட் பின்னல்) அல்லது இன்டர்லாக் (இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற இரட்டைப் பின்னல்), அதற்கு மேல் 280-ஐத் தாண்டினால் லூப்நிட் (உள்பக்கம் வளையம் வளையமாக இருப்பது). அந்த லூப்நிட்டின் உள்பக்க வளையங்களைப் பிரஷ்ஷால் கிளப்பிவிட்டால் அது ஃபிளீஸ். ஃபிளீஸ் தொட்டதும் மனதைக் கவரும். கடையில் தொட்டுப் பார்த்து வாங்குகிறவரிடம் அது பாதி விற்பனையை முடித்துவிடும். ஆனால் மட்டமான நூலில் பிரஷ் அடித்தால் நாலாவது துவைப்பில் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். கோம்டு நூல் (குட்டை இழைகளைச் சீவி நீக்கிய நூல்) கேளுங்கள், துணிக்கு பயோ வாஷ் (என்சைமால் மேல்பிசிறை நீக்கும் கழுவல்) கொடுத்தார்களா என்று கேளுங்கள். வாஃபிள் துணி, அந்தச் சிறுகட்டம் கட்டமாக இருப்பது, காற்றை நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் பள்ளமும் மேடுமாக இருப்பதால் அதன்மேல் அச்சு உருப்படியாக உட்காராது. உங்கள் தொழிலே அச்சை நம்பியது என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

புதியவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. கோடைச் சட்டையின் அடக்கத்தில் கொஞ்சம் கூட்டினால் குளிர்காலச் சட்டையின் அடக்கம் வரும் என்று நினைப்பார்கள். உயரம் 72 செ.மீ., பாதி மார்பு 54, அரைக்கை 22 என்று வைத்துத் தையல் இடமெல்லாம் சேர்த்தால் 160 ஜிஎஸ்எம் துணி சுமார் 200 கிராம் போகும். அதே சட்டை 64 செ.மீ. முழுக்கையோடு 250 ஜிஎஸ்எம்மில் சுமார் 430 கிராம். கட்டிங் கழிவு பத்து சதவீதம் சேர்த்தால் 470. துணிச் செலவு இரண்டு மடங்குக்கும் மேல்! கூரியரும் எடை பார்த்துத்தான் வாங்குகிறது. பாக்கெட்டோடு அரை கிலோவை நெருங்குகிற பொருளை எடை அடுக்கு தாண்டாமல் பேக் செய்வது ஒரு தனிக் கலை. எக்ஸ்எல்லுக்கும் ஸ்மாலுக்கும் ஒரே விலை வைக்கப்போகிறீர்கள் என்றால் எக்ஸ்எல்லின் துணியை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது, துணி துவைப்பில் சுருங்குவது. கனமான பருத்தித் துணியில் இதைச் சோதிக்காமல் கத்திரி வைக்கவே கூடாது. துணியில் 50 செ.மீ. சதுரம் ஒன்று மார்க்கரால் வரைந்து, மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 47.5-க்குக் கீழே வந்தால், அதாவது 5%-க்கு மேல் சுருங்கினால், அந்த லாட் வேண்டாம். இல்லையென்றால் கம்பாக்டிங், அதாவது துணியை முன்கூட்டியே சுருக்கிவைக்கும் வேலை, செய்து தரச் சொல்லுங்கள். ஏழு சதவீதம் சுருங்குகிற துணியில் 72 செ.மீ. சட்டை 67 ஆகிவிடும். வாங்கினவர் இரண்டாவது தடவை குனியும்போது முதுகில் குளிர் ஏறும். இந்தத் தொந்தரவு புதிதல்ல. சாம்பியன் நிறுவனம் 1938-ல் காப்புரிமை வாங்கிய 'ரிவர்ஸ் வீவ்' முறை இதற்காக வந்ததுதான்: துணியை நீளவாக்கில் வெட்டாமல் குறுக்குவாக்கில் வெட்டித் தைத்தார்கள், உயரம் சுருங்குவது குறைந்தது.

டிசைன் என்றதும் எல்லோருக்கும் நெஞ்சு நடுவில் பெரிய படம்தான் தோன்றும். குளிர்காலத்தில் அந்த இடத்தை ஜாக்கெட்டின் ஜிப் மூடிவிடும். ஒருவர் இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே நிற்கும்போது அடுத்தவர் கண்ணில் படுவது எது? கழுத்து, மணிக்கட்டு, ஜாக்கெட்டைக் கழற்றித் தோளில் போட்டால் கை. உங்கள் மூளையை அங்கே செலவழியுங்கள். வேறு நிறத்தில் உயரமான மாக் நெக் (மடிக்காமல் கழுத்தை ஒட்டி நிற்கிற காலர்), கையின் நீளவாட்டில் ஓடுகிற ஒரு வரி, கஃப்பின் உள்மடிப்பில் மடித்தால் மட்டும் தெரிகிற நிறம், கட்டைவிரல் நுழைய ஒரு துளை. பட்டன் வைத்த ஹென்லி கழுத்தும் நன்றாக ஓடும். கழுத்து ரிப்பில், அதாவது கழுத்தைச் சுற்றி வருகிற இழுபடும் பட்டியில், கொஞ்சம் லைக்ரா இருக்கட்டும். பெரியவர்கள் சைஸில் கழுத்தை இழுத்து விரித்தால் சுற்றளவு 60 செ.மீ.யாவது வர வேண்டும், இல்லையென்றால் தலை நுழையாது. சிரிக்காதீர்கள், மாக் நெக் சாம்பிளில் இது அடிக்கடி நடக்கிறது.

அச்சு முறையைத் துணிதான் முடிவு செய்யும். ஒரே படம் நூற்றுக்கணக்கில் வேண்டுமானால் ஸ்கிரீன் பிரிண்டிங். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால் பத்து இருபதுக்குக் கட்டாது. டிடிஜி, அதாவது மெஷின் நேரே துணியில் மை தெளித்து அச்சடிப்பது, பருத்தியில் அழகாக வரும், ஆனால் குளிர்காலச் சட்டைகள் பெரும்பாலும் அடர் நிறம் என்பதால் முன்பூச்சும் வெள்ளை அடித்தளமும் வேண்டும். சப்ளிமேஷன், அதாவது சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி இழைக்குள் ஏற்றுவது, பாலியஸ்டருக்கு, அதுவும் வெளிர் நிறத்துக்கு மட்டும். ஆர்டர் வந்த பிறகு அச்சடிக்கும் நம் வழிக்கு டிடிஎஃப் பொருந்தும்: படத்தை ஃபிலிமில் அச்சடித்து வைத்துக்கொண்டு வேண்டும்போது வெறும் சட்டையில் அழுத்திக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை, இடைவெளியே இல்லாத பெரிய சதுரமாக டிசைன் செய்யாதீர்கள். நெஞ்சில் பிளாஸ்டிக் தாள் ஒட்டினது போல இருக்கும், காற்றுப் போகாது. கோடுகளும் துளிகளுமாக, துணி நடுநடுவே எட்டிப்பார்க்கிற படமாக இருந்தால் சட்டையோடு சேர்ந்து மடியும். கனத்துணியில் சின்ன எம்பிராய்டரி அருமையாக உட்காரும். தையலின் உள்பக்கம் மென்மையான தாங்குதுணி ஒட்டாவிட்டால் நாள் முழுக்க நெஞ்சைச் சொறிய வேண்டியிருக்கும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. அடர் சிவப்பு, பாலியஸ்டர் கலந்த ஃபிளீஸ். அதில் வெள்ளை எழுத்து. வேலையை வெளியே ஓர் அச்சகத்தில் கொடுத்திருந்தேன். மெஷினிலிருந்து வரும்போது பளிச்சென்று வெள்ளை. எண்ணிப் பார்த்து, மடித்து, பெட்டியில் போட்டாயிற்று. மூன்றாம் நாள் திறந்தால் எழுத்தெல்லாம் ரோஜா நிறம்! பாலியஸ்டருக்குப் போடுகிற சாயம் சூட்டில் ஆவியாகி மேலே இருக்கிற மைக்குள் ஏறிவிடும். சாதாரண பிளாஸ்டிசால் மை 160 டிகிரி செல்சியஸ் அளவில் பதப்படுத்தப்படுகிறது. அந்தச் சூடு போதும் சாயத்தைக் கிளப்ப. குறைந்த சூட்டில் பதமாகிற மையும் இடையில் ஒரு தடுப்புப் பூச்சும் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. அந்த லாட்டின் சாம்பிளை மூன்று நாள் மேஜையில் போட்டு வைத்திருந்தாலே தெரிந்திருக்கும்.

காலக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். வடகோளத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் தென்கோளத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் குளிர். நீங்கள் விற்கிற இடத்தில் முதல் குளிர் எந்த வாரம் உறைக்கிறதோ அதற்கு ஒன்றரை மாதம் முன்னால் விற்பனை திறந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னால் வெறும் சட்டை கையில், போட்டோ தயார். துணியும் தையலும் அதற்கு இரண்டு மாதம். சாம்பிளும் துவைப்புச் சோதனையும் அதற்கும் ஒரு மாதம் முன்னால். ஆக, வேர்த்து விறுவிறுக்கிற நாளில் ஃபிளீஸைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மனம் ஒத்துக்கொள்ளாது, பழகிவிடும். நடுப்பருவத்தில் நன்றாக ஓடுகிறது என்று உற்சாகத்தில் மறுபடி தைக்கத் தோன்றும். அங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். அந்த இரண்டாவது லாட் வந்து சேரும்போது வெயில் வந்துவிடும். பாதிப் பருவத்துக்கு அப்புறம் "தீர்ந்துவிட்டது" என்று போர்டு போடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மிச்சமே விழாத விற்பனை ஒன்று உண்டு: கூட்டமாக எடுப்பவர்கள். கல்லூரி வகுப்பு, இரவுப் பணி ஊழியர்கள். சைஸ் பட்டியல் அவர்களே தருவார்கள், முன்பணம் வாங்கலாம், மிச்சம் பூஜ்யம். சட்டைக்கு லாபம் 30-க்குப் பதில் 18 நின்றாலும் முதல் வருடம் பாதி வியாபாரம் இதிலிருந்து வரட்டும் என்றுதான் சொல்வேன். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: வருடம் முழுக்கக் குளிராக இருக்கிற இடங்கள் இருக்கின்றன. ஏசி நடுக்குகிற அலுவலகங்கள், கால் சென்டர்கள், சர்வர் அறைகள். அவர்களுக்குக் கோடையிலும் முழுக்கை வேண்டும்.

விற்பனைப் பக்கத்தில் எஸ், எம், எல் என்று மட்டும் போட்டால் திரும்பி வருவது கூடும். மேலே போடுகிற சட்டை என்பதால் பலர் ஒரு சைஸ் கூட்டி எடுப்பார்கள், சிலர் எடுக்கமாட்டார்கள். சட்டையின் மார்பு, உயரம், கை நீளத்தைச் செ.மீ.யில் கொடுங்கள். ஜிஎஸ்எம்மையும் எழுதுங்கள். "பனியையும் தாங்கும்" என்றெல்லாம் எழுதவேண்டாம். 250 ஜிஎஸ்எம் பருத்தி உறைகுளிருக்கு ஆகாது என்பது போட்டவருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சட்டத்தில் இரண்டு மூன்று விஷயம். இழை விகிதம், துவைக்கும் முறை பற்றிய லேபிள் பல நாடுகளில் கட்டாயம். பிரஷ் அடித்த துணி சட்டென்று தீப்பிடிக்கும்; குழந்தைகளின் இரவு உடைக்குச் சில நாடுகளில் தனித் தீ விதிகளே இருக்கின்றன. விதியைப் படிக்காமல் குழந்தைகள் பக்கம் போகாதீர்கள். கார்ட்டூன் பாத்திரம், விளையாட்டு அணியின் சின்னம், நடிகர் முகம் எதையும் அனுமதி இல்லாமல் அச்சடிக்காதீர்கள். இலவச எழுத்துருக்களில் பல சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம், அதையும் பாருங்கள்.

பருவம் முடிந்ததும் மிஞ்சிய வெறும் சட்டைகளை ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்துக் கட்டுங்கள். வெளிர் நிறத்தைச் சாதாரண பாலிதீன் பையில் மாதக்கணக்கில் மூடிவைத்தால் மஞ்சளடிக்கும்; பிஹெச்டி (BHT, பிளாஸ்டிக் கெடாமலிருக்கச் சேர்க்கிற வேதிப்பொருள்) இல்லாத பை என்று கேட்டு வாங்குங்கள்.

இனி மெஷின். ஹீட் பிரஸ்ஸை இந்தப் பருவம் வாங்க வேண்டாம். டிடிஎஃப் ஃபிலிம் அடித்துத் தருகிறவர்கள் பலர் சட்டையில் அழுத்தியும் தருவார்கள். தினமும் ஐந்தாறு ஆர்டர் தொடர்ந்து வருகிற நிலை வந்தால் வாங்கிக்கொள்ளலாம். இப்போது உங்களுக்கு வேண்டியது ஒரு ஜிஎஸ்எம் கட்டரும் கிராமைத் தசமப் புள்ளி வரை காட்டுகிற சின்னத் தராசும். கட்டர் வட்டமாக 100 சதுர செ.மீ. துணியை வெட்டித் தரும், எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 2.5 கிராம் காட்டினால் 250. வியாபாரி 250 என்று சொன்ன துணி 2.2 காட்டினால், பில் போடுவதற்கு முன்னால் அதே மேஜையில் பேசி முடித்துக்கொள்ளலாம்.